ஆலோசகருக்குக் கொடுத்த பணம் எதை வாங்கியது?

பழனிக்கு அருகே மலையடிவாரத்தில் உள்ள பாலசமுத்திரம் ஒரு பேரூராட்சி. இத்தகைய சிற்றூர்களில் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களை வகுக்கத் தனிப் பொறியாளர் குழு இருப்பதில்லை. எனவே, விரிவான திட்ட அறிக்கை எழுதப் பெரும்பாலும் வெளியிலிருந்து ஆலோசனை நிறுவனம் அமர்த்தப்படுகிறது. குழாய் எந்தத் தெருவரை போகும், காலனிக்கு முன்னால் நின்றுவிடுமா என்பது ஏறத்தாழ அந்த அறிக்கையிலேயே முடிவாகிவிடுகிறது. ஆயினும், அந்நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்த கொள்முதல் பிரிவு மக்களுக்கு எந்தப் பயனைக் கூட்டியது என்று நாம் கேட்பதில்லை.

கொள்முதல் பிரிவைக் கேட்டால் ஒரே கணக்குதான் கிடைக்கும்: மதிப்பீடு இவ்வளவு, ஒப்பந்தப்புள்ளி இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. சிமெண்டு மூட்டைக்கு இக்கணக்குப் பொருந்தும். ஆனால் ஆலோசனைப் பணி என்பது அறிவு சார்ந்தது, ஆலோசகருக்கு ஆலோசகர் அதன் விளைவு மாறும் என ஒன்றிய அரசின் 2017 பொது நிதி விதிகளே வரையறுக்கின்றன. விளைவே மாறக்கூடிய ஒன்றில் விலைக் குறைப்பை மட்டும் சாதனையாகக் காட்டுவது எப்படி? அதிலும், திட்ட மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் பேசப்படும் இடத்தில், மதிப்பீடு பெருகப் பெருக ஆலோசகரின் வருவாயும் பெருகும். சேரியில் வீடு வீடாகக் கணக்கெடுக்க அவருக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை.

நம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2015இல் பொலிவுறு நகரத் திட்டத்தின் முதற்பட்டியலில் திண்டுக்கல் இருந்தது. இறுதியாகத் தேர்வான தமிழ்நாட்டின் 11 நகரங்களில் அது இல்லை. பட்டியலிலிருந்த நகரம் ஒவ்வொன்றுக்கும் முன்மொழிவு தயாரிக்க 2 கோடி ரூபாய் என வழிகாட்டு நெறிமுறை கூறியது. தோற்ற முன்மொழிவின் ஆய்வுகள் நகருக்குப் பிறகு எவ்விதத்திலேனும் பயன்பட்டனவா? பிரிட்டனிலும் இதே குறைதான்: ஆலோசகர்களால் கிடைத்த பயனைத் துறைகள் முறையாக அளப்பதில்லை என்று அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2006இல் கண்டறிந்தது.

யாரிடமிருந்து வாங்குகிறோம் என்பதும் மதிப்பின் பகுதியே. ஒன்றிய அரசின் 2012 கொள்முதல் கொள்கை, பட்டியல் சாதி, பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களுக்கு 4 விழுக்காடு ஒதுக்குகிறது. கர்நாடகம் 50 லட்சம் ரூபாய் வரையிலான கட்டுமானப் பணிகளில் 24.1 விழுக்காடு ஒதுக்கி, பின்னர் அந்த வரம்பை 1 கோடியாக உயர்த்தியது. ஆலோசனைப் பணியிலோ ஆண்டு வருவாய், முன் அனுபவம் ஆகிய நிபந்தனைகள் முதல் தலைமுறை தலித் பொறியாளரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. சட்டப்படி குறையில்லாத ஒப்பந்தப்புள்ளி சமூகநீதிப்படியும் குறையற்றதாக இருக்க வேண்டியதில்லை என்பதை வழக்கறிஞர்களாகிய நாமும் தாமதமாகவே உணர்ந்தோம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று ஆவணங்களைக் கேளுங்கள்: ஆலோசகருக்குத் தரப்பட்ட பணி வரையறை, தேர்வின் மதிப்பெண் பட்டியல், இறுதித் திட்ட அறிக்கை. பணி வரையறையில் காலனியின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு அறிக்கையின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கு வாழும் மக்களோடு தெருத்தெருவாக நடங்கள். விடுபட்ட வீடுகளை எண்ணி, அந்த எண்ணிக்கையை மன்றக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள்.