கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது?

2024 மே மாதம் ஓல்டு டிராஃபோர்டில் அர்செனலிடம் மென்செஸ்டர் யுனைடெட் தோற்ற அன்று, அரங்கின் கூரையிலிருந்து மழைநீர் அருவியாகக் கொட்டியது. அந்தக் காணொளி நம் வாட்சாப் குழுக்களில் எத்தனை முறை சுற்றியிருக்கும் என்பதற்குக் கணக்கே இல்லை. லிவர்பூல் ரசிகர்களுக்கு அன்று தீபாவளி. உலகின் பணக்கார அணிகளில் ஒன்றுக்குக் கூரையைக் கூடச் சரிசெய்ய முடியவில்லையா என்று மாமாக் கடைகளில் தே தாரிக்கோடு கேலியும் கிண்டலும் நடந்தன. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில், 100,000 பேர் அமரக்கூடிய புதிய அரங்கம் கட்டப் போவதாக யுனைடெட் அறிவித்தது.

கேலி செய்யலாம், தவறில்லை. ஆனால் அங்கே கூரை ஒழுகியதும் ரசிகர்கள் யாரைத் திட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கிளப்பின் உரிமையாளர்களைத்தான் திட்டினார்கள். அரங்கம் கிளப்புக்குச் சொந்தம். கிளப் உரிமையாளருக்குச் சொந்தம். கோபத்துக்கு ஒரு முகவரி இருந்தது. நம் நாட்டில் அரங்கின் கூரை ஒழுகினால், கழிவறையில் தண்ணீர் வராவிட்டால், திடலில் குளம் கட்டினால் நாம் யாரைக் கேட்பது? எனக்குத் தெரிந்த காற்பந்து ரசிகர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இதற்குப் பதில் தெரியாது.

உள்ளூர்க் காற்பந்துக்குப் போகிறவர்களுக்கு அங்குள்ள நிலைமையைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. சென்ற பருவத்தில் என் சித்தப்பாவோடும் தங்கையோடும் ஓர் அரங்குக்குப் போயிருந்தேன். பெண்களுக்கான கழிவறைகளில் ஒன்றுதான் திறந்திருந்தது. மற்றவை பூட்டிக் கிடந்தன. இடைவேளை முழுவதும் வரிசையில் நின்று, இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துத்தான் இருக்கைக்குத் திரும்பினோம். அந்த இருக்கையும் வெயிலில் வெளுத்து, ஓரம் உடைந்து, உட்கார்ந்தால் துணி கிழியும் நிலையில் இருந்தது. முழங்கால் வலி உள்ள சித்தப்பா கைப்பிடி இல்லாத படிகளில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். "அடுத்த தடவை டிவியிலேயே பார்த்துக்கிறேன்மா, நீங்க போயிட்டு வாங்க" என்றார். டிக்கெட் விலை, ஆட்டத் தரம் என்று நாம் ஆயிரம் காரணம் பேசுகிறோம். ஆனால் ஒரு குடும்பம் அரங்குக்குப் போவதை நிறுத்துவது பெரும்பாலும் இப்படித்தான்.

இந்தப் பிரச்சினையின் முழு வடிவத்தையும் பார்க்க வேண்டுமென்றால் சிலாங்கூர் அணியின் கதையைப் பார்க்கலாம். மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற அணி அது. வேறெந்த அணியும் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் கூட இல்லை. 1994-இல் திறக்கப்பட்ட ஷா ஆலம் அரங்கம் அதன் வீடாக இருந்தது. ஏறக்குறைய 80,000 பேர் அமரலாம். 2007 ஆசியக் கிண்ணத்தின் ஓர் ஆட்டம் அங்கே நடந்தது. 2015-இல் கெடாவை 2–0 என்று வீழ்த்தி 33-ஆவது கிண்ணத்தைச் சிலாங்கூர் தூக்கியதும் அங்கேதான். அதன்பின் செலாயாங், செராஸ், பெட்டாலிங் ஜெயா என்று வாடகை வீடு தேடும் குடும்பம் போல அணி இடம் மாறியது. இடையில் ஷா ஆலமுக்குத் திரும்பியும் நிலைக்க முடியவில்லை. கூரை சேதமடைந்து, பாதுகாப்பு இல்லை என்று 2020-இல் அரங்கம் மூடப்பட்டது. 2024-இல் இடிக்கும் பணியும் நடந்தது.

1994-இலிருந்து 2020 வரை கணக்குப் போட்டால் 26 ஆண்டுகள். ஓர் அரங்கத்துக்கு இது முதுமையே இல்லை. மெர்டேக்கா அரங்கம் 1957-இல் நாட்டின் சுதந்திர அறிவிப்புக்காகக் கட்டப்பட்டது. 1980-இல் தென் கொரியாவை 2–1 என்று வென்று நாம் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற ஆட்டம் அங்கேதான் நடந்தது. 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் கோல் காத்த காலம் அது. சீரமைத்துப் பாதுகாத்ததற்காக 2008-இல் யுனெஸ்கோ விருதும் பெற்ற அந்த அரங்கம் இன்றும் நிற்கிறது. தாத்தா உயிரோடு இருக்கிறார், பேரன் போய்விட்டான் என்ற நிலை.

புதியதாக இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. கோலத் திரெங்கானுவில் 2008-இல் திறக்கப்பட்ட சுல்தான் மிசான் சைனால் அபிடின் அரங்கின் கூரை 2009 ஜூன் மாதத்தில், ஏறக்குறைய ஓராண்டிலேயே சரிந்து விழுந்தது. 2013-இல் சீரமைப்பு வேலையின்போது இன்னொரு பகுதியும் சரிந்தது. ஆகவே "பழைய அரங்கம், அதனால்தான் இப்படி" என்ற பேச்சை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. கட்டும்போது இருந்த கவனம், கட்டிய பிறகு செய்த பராமரிப்பு, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பராமரிப்பு என்றால் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. நம் நாட்டில் வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் உண்டு. வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் இருக்கைகளும் கூரைத் தகடுகளும் மொறுமொறுப்பாகி உடைகின்றன. மழைநீர்க் கால்வாயில் இலை தழை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வேறு வழி தேடும். அது இரும்புச் சட்டத்தில் தேங்கினால் துருப்பிடிக்கும். திடலுக்கு அடியில் உள்ள வடிகால் அடைத்தால் புல் அழுகும், பந்து நகராது. ஆரம்பத்தில் சில ஆயிரம் ரிங்கிட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பத்து வருடம் தள்ளிப்போட்டால் சில கோடிகளாகிவிடுகிறது. வீட்டில் ஒரு ஓடு உடைந்தால் அம்மா உடனே ஆள் கூப்பிட்டு மாற்றச் சொல்வது இதனால்தான்.

அரங்குகளுக்கு இப்படி உடனே ஆள் கூப்பிடுவது யார் என்பதில்தான் குழப்பம். நம் நாட்டில் பெரும்பாலான அணிகள் அரங்கங்களின் உரிமையாளர்கள் அல்ல, வாடகைக்காரர்கள். ஷா ஆலம் அரங்கம் மாநில அரசின் பொறுப்பில் இருந்தது. பெட்டாலிங் ஜெயா அரங்கம் அந்நகரின் மாநகர் மன்றத்துடையது. 1965-இல் திறக்கப்பட்ட பேராக் அரங்கமும் ஈப்போ மாநகர் மன்றத்தின் சொத்து. ரசிகர் டிக்கெட் வாங்குவது கிளப்பிடம். கோபப்படுவதும் கிளப்பின் பேஸ்புக் பக்கத்தில். கிளப் "அரங்கம் எங்களுடையது அல்ல" என்கிறது. உரிமையாளர் "நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கிறோம்" என்கிறார். இரண்டும் பொய் இல்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் பூட்டிய கழிவறை பூட்டியபடியே கிடக்கிறது.

பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக இருந்தால் காரியம் நடக்கிறது என்பதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் நடந்த ஆசியான் கிண்ணப் போட்டியின்போது புக்கிட் ஜாலில் திடலின் நிலை கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது. ரசிகர்கள், பத்திரிகைகள், ஆட்டக்காரர்கள் எல்லாரும் பேசினார்கள். அது தேசிய அரங்கம். பதில் சொல்ல வேண்டியவர் விளையாட்டுத் துறை அமைச்சர் என்பது எல்லாருக்கும் தெரியும். விளைவு, சுமார் 1 கோடி ரிங்கிட் செலவில் திடல் சீரமைக்கப்பட்டு, சோய்சியா ரகப் புல் போடப்பட்டது. குரல் சரியான வாசலைச் சென்றடைந்தது, கதவும் திறந்தது.

எல்லையைத் தாண்டியும் பார்க்கலாம். சிங்கப்பூரில் 1973-இல் திறந்த காலாங் தேசிய அரங்கம் 2007-இல் மூடப்பட்டு, 2014-இல் புதிய அரங்கம் வந்தது. தனியார் கூட்டமைப்பு ஒன்று அதை நடத்தியது. தொடக்கத்தில் அங்கேயும் புல் சரியாக வளராமல் பெரிய புகார் எழுந்தது. 2022 டிசம்பரில் அரசாங்கம் ஸ்போர்ட்எஸ்ஜி மூலம் அந்த விளையாட்டு மையத்தின் நிர்வாகத்தைத் தானே எடுத்துக்கொண்டது. இங்கே ஜொகூர் டாருல் தாக்சிம் அணி வேறு வழியில் சென்று, 2020-இல் 40,000 பேருக்கான சுல்தான் இப்ராகிம் அரங்குக்கு மாறியது. ஒன்று அரசாங்க வழி, இன்னொன்று பெரிய பின்புலம் உள்ள கிளப்பின் வழி. எந்த வழி சிறந்தது என்பது வேறு விவாதம். இரண்டிலும் குறை ஏற்பட்டால் யாரிடம் போக வேண்டும் என்பது ரசிகருக்குத் தெரியும்.

இதைச் சொன்னதும் வரும் எதிர்க்கேள்விகள் எனக்குத் தெரியும். முதலாவது, பணம். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமே ஒழுங்காகக் கொடுக்க முடியாத கிளப்புகள் இருக்கின்றன. 2025-இல் பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் சூப்பர் லீக்கிலிருந்தே விலகின. இதில் இருக்கையும் கழிவறையும் பெரிதா என்று கேட்பார்கள். அதனால்தான் அரங்கத்தைக் கிளப்பின் தலையில் கட்டக் கூடாது என்கிறேன். கிளப் போய்விடலாம், கட்டடம் அங்கேயே இருக்கும். அது நம் பெற்றோர் கட்டிய வரியில் எழுந்த பொதுச் சொத்து. பள்ளி ஓட்டப்பந்தயம், மாநில அளவிலான போட்டிகள், காலை நடைப்பயிற்சி என்று எல்லாவற்றுக்கும் பயன்பட வேண்டிய இடம். காற்பந்து பிடிக்காதவருக்கும் அதில் பங்கு உண்டு.

இரண்டாவது, கூட்டம் வருவதில்லையே, யாருக்காகச் செலவு செய்வது என்பது. வசதி இல்லாததால் கூட்டம் குறைகிறது. கூட்டம் குறைவதால் வசதிக்குச் செலவு செய்யவில்லை. இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் கடைசியில் இடிக்கும் இயந்திரம்தான் வரும். மூன்றாவது, ரசிகர்களே இருக்கையை உடைக்கிறார்கள், பட்டாசு கொளுத்துகிறார்கள் என்பது. இதில் உண்மை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. இருக்கையை உடைக்கிறவர் அணியின் ரசிகர் அல்ல, அடுத்த வாரம் அதே இடத்தில் உட்கார வரும் ஒரு சிறுவனின் எதிரி. ஆனால் கழிவறைக் குழாயில் தண்ணீர் வராததற்கும் பட்டாசுக்கும் சம்பந்தம் இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. முதலில், ஒவ்வோர் அரங்கின் நுழைவாயிலிலும் இது யாருடைய சொத்து, பராமரிப்பு யாருடைய பொறுப்பு, புகார் எங்கே கொடுக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். அடுத்து, ஆண்டுதோறும் என்னென்ன பழுது பார்த்தோம், எவ்வளவு செலவு, எது பாக்கி என்ற அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். மூன்றாவதாக, வாடகையிலும் டிக்கெட் வருமானத்திலும் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்றே தனியாக ஒதுக்கி, வேறு எதற்கும் தொடக் கூடாது. அடுக்குமாடி வீடுகளில் பராமரிப்புக் கட்டணத்தோடு ஒதுக்க நிதியும் வசூலிக்கிறார்களே, அதே முறைதான். நம் தாமானில் லிஃப்டுக்குப் பொருந்துவது அரங்கத்துக்கும் பொருந்தும்.

ஷா ஆலமில் பழைய அரங்கம் இருந்த இடத்தில் ஏறக்குறைய 45,000 பேருக்கான புதிய அரங்கத்துக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. மாதிரிப் படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. 1994-இலும் அழகாகத்தான் இருந்திருக்கும். திறப்பு விழாவுக்குப் பிரமுகர்கள் வருவார்கள், வாணவேடிக்கை நடக்கும், நாமும் படம் எடுத்துப் பதிவிடுவோம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி திறப்பு விழா பற்றியது அல்ல. பதினைந்தாவது ஆண்டில் கூரையை யார் ஏறிப் பார்ப்பார், அதற்கான பணம் எந்தக் கணக்கில் இருக்கும் என்பதுதான் கேள்வி. அதைக் கட்டி முடிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

மாணவர்களே, இது பெரியவர்களின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். நம்மில் 18 வயதைத் தாண்டியவர்களுக்கு ஓட்டுரிமை இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுத எந்த வயதும் தடையில்லை. அடுத்த முறை அரங்குக்குப் போகும்போது உடைந்த இருக்கையைப் படம் எடுத்தால், அதைக் கிளப்பின் பக்கத்தில் மட்டும் போட்டுத் திட்டிவிட்டு நகராமல், அந்த அரங்கம் யாருடையது என்று தேடிக் கண்டுபிடித்து, மாநகர் மன்றமோ மாநில அரசோ, அவர்களுக்கே இருக்கை எண்ணோடும் தேதியோடும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்புங்கள். தொண்ணூறு நிமிடம் தொண்டை கிழியக் கத்தத் தெரிந்த நமக்கு, ஒரு புகாரை இரண்டு முறை அனுப்புவது பெரிய வேலையா என்ன?