மூடுபனியை அகற்றியவர்கள்

பத்திரிகை அலுவலகத்தில் நான் பணியாற்றத் தொடங்கிய காலத்தில், படப்பிடிப்பாளர்கள் ஈரம் காயாத படங்களுடன் இருட்டறையிலிருந்து வெளியே வருவார்கள். ஒரே நிகழ்வின் பத்துப் படங்களில் ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டும். எல்லாமே தெளிவாகத் தெரிந்த படம் பெரும்பாலும் முதற்பக்கத்துக்கு வருவதில்லை. முகத்தின் ஒரு பாதியை நிழல் மறைத்த படமே வாசகரை நிறுத்தி வைக்கும். கணினி விளையாட்டுகளைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு, இந்தச் சிறு அனுபவமே எனது பதில்.

1999ஆம் ஆண்டு யப்பானின் கொனாமி நிறுவனம் 'சைலன்ற் ஹில்' என்னும் விளையாட்டை முதலாவது பிளேஸ்ரேசன் இயந்திரத்துக்காக வெளியிட்டது. ஒரு நகரத்தைத் தொலைதூரம் வரை வரைந்து காட்டும் வலு அவ்வியந்திரத்துக்கு இருக்கவில்லை. எனவே சற்றுத் தொலைவுக்கு அப்பால் இருந்த அனைத்தையும் மூடுபனியாலும் இருளாலும் மறைத்தார்கள். இயலாமையின் மீது போர்த்திய போர்வைதான் அது. ஆயினும் அந்தப் பனிக்குள் என்ன நிற்கிறதோ என்ற அச்சமே விளையாட்டின் உயிராயிற்று. 2001இல், அதைவிட வலுவான இயந்திரத்துக்கு வந்த இரண்டாம் பாகத்திலும் பனியை அவர்கள் கைவிடவில்லை.

2012இல் இரண்டாம் பாகம் உயர்தெளிவுப் பதிப்பாக மீண்டும் வந்தபோது பனி மெலிந்துபோயிற்று. ஏரியின் நீர்ப்பரப்பு எவ்விடத்தில் வெட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதுகூட வெளியே தெரிந்தது. இரசிகர்கள் சினந்தனர். தெளிவு கூடியது, மர்மம் கலைந்தது. 2024இல் போலந்து நாட்டு நிறுவனமொன்று இரண்டாம் பாகத்தைப் புதிதாக உருவாக்கியபோது, எவ்வளவு தூரத்தையும் காட்டவல்ல இன்றைய இயந்திரத்தைக் கொண்டே அந்தப் பனியைத் திரும்பவும் வரவழைத்தது.

ஒளியின் கதையும் இத்தகையதே. 2004இல் வெளிவந்த 'ஹாஃப் லைஃப் 2' விளையாட்டின் நகரத்தை, பல்கேரியாவின் சோபியாவில் பிறந்த விக்டர் அந்தோனோவ் வடிவமைத்தார். சுவரிலும் தரையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியை முன்கூட்டியே கணக்கிட்டு, மேற்பரப்புகளின் மீது பதித்து வைத்தார்கள். ஒரு விளக்கை இடம் மாற்றினாலும் அக்கணக்கை மறுபடியும் ஓட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகவே எந்த மூலையில் வெளிச்சம் விழ வேண்டும், எந்த மூலை இருண்டு கிடக்க வேண்டும் என்பதை ஒருவர் சிந்தித்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

2018இல் என்விடியா நிறுவனத்தின் ஆர்ரிஎக்ஸ் அட்டைகள் வந்தன. ஒளிக்கதிர்கள் செல்லும் வழியை விளையாடும் வேளையிலேயே கணக்கிடும் 'ரே ட்ரேசிங்' முறை வீட்டுக் கணினிக்குள் நுழைந்தது. இதன் நன்மையை மறுப்பதற்கில்லை. கலைஞர் விளக்கை நகர்த்தினால் விளைவை உடனே காண்கிறார். காத்திருப்பு ஒழிந்தது.

ஆனால் அதற்கொரு விலையும் உண்டு. 2021இல் வந்த 'மெட்ரோ எக்ஸோடஸ்' மேம்பட்ட பதிப்பும், 2024இல் வந்த 'இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த கிரேற் சேர்க்கிள்' விளையாட்டும் இவ்வசதியுள்ள அட்டை இல்லாத கணினியில் இயங்குவதில்லை. படைப்பவரின் காத்திருப்பு குறைந்தது, வாங்குபவரின் செலவு கூடியது. பழைய கணினியுடன் இருக்கும் பிள்ளைக்கு அக்கதவு மூடப்பட்டுவிட்டது.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்குண்டு. இயற்கையின் விதிப்படி ஒளி விழுந்துவிட்டால் அதுவே உண்மை என்ற எண்ணம் பரவி வருகிறது. விதிப்படி விழும் ஒளிக்கு, எந்தக் கதவருகே விளையாடுபவர் தயங்க வேண்டும் என்பது தெரியாது. எதைக் காட்டக் கூடாது என்பதும் தெரியாது. அந்த முடிவை எடுக்க ஒரு மனிதர் தேவை. அவருக்கு நேரமும் உரிமையும் அளிக்காத நிறுவனம், எத்தனை விலையுயர்ந்த கருவியை வாங்கினாலும் பளபளப்பை மட்டுமே விற்கும்.

வலுக் குறைந்த இயந்திரத்தில் பனியைப் போர்த்தியவர்கள் அச்சத்தைப் படைத்தார்கள். வலு மிகுந்த இயந்திரத்தில் அதை மெலிய விட்டவர்கள் ஏரியின் விளிம்பைக் காட்டினார்கள். எங்கள் இருட்டறைக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.