முதலில் பார்க்கட்டும், பிறகு வரையட்டும்

"செல் என்றால் என்ன?" என்று எட்டாம் வகுப்பு மாணவியைக் கேளுங்கள். "உயிரினங்களின் அடிப்படை அலகு" என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். படம் வரையச் சொன்னால் வட்டமிட்டு, நடுவில் புள்ளி வைத்து, பாகங்களையும் குறித்துவிடுவாள். மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் தன் கன்னத்தின் உட்புறமும் அவ்வாறே ஆனது என்று அவள் உணர்ந்திருக்கிறாளா? ஐயமே!

கண்ணால் காணும் முன்பே படத்தைக் கற்பித்துவிடுவதுதான் இதற்குக் காரணம் என்பது என் கருத்து. 1665-இல் இராபர்ட் ஹூக் தக்கையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தபோது அவர் கையில் படமுமில்லை, வரையறையுமில்லை. கண்ட சிற்றறைகளுக்குச் செல் என்று பெயரிட்டார். (கன்னியர் மடத்துச் சிற்றறைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான் என்பதை நம் சிஸ்டர்மார் அறிவர்.) அவர் கண்டவையோ இறந்த செல்களின் சுவர்களே. தாவரங்கள் அனைத்தும் செல்களால் ஆனவை என்று ஷ்லைடன் 1838-இலும், விலங்குகளும் அவ்வாறே என்று ஷ்வான் 1839-இலும் கூறும்வரை 170 ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அதை நாம் ஒரே பீரியடில் கரும்பலகையில் முடித்துவிடுகிறோம்!

பார்ப்பதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். வெங்காயச் செதிலின் உட்புறத்து மெல்லிய தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் சுருக்கமின்றி விரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டால் போதும். செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் வரிசையாகத் தெரியும். உட்கருவோ நடுவில் இராமல் பெரும்பாலும் ஓரமாக ஒதுங்கியிருக்கும். உடனே ஒருத்தி கேட்பாள்: "மிஸ், புத்தகத்தில் தாவரச் செல்லுக்குள் பச்சையாக இருக்கிறதே, இதில் பசுங்கணிகம் எங்கே?" உணவைச் சேமித்து வைக்கும் அந்தச் செதிலில் பசுங்கணிகம் இல்லை, இலையில் உண்டு. எல்லாச் செல்லும் ஒன்றுபோல் இராது என்பதை அவள் அப்போது தானே கண்டுகொள்கிறாள். கரும்பலகைப் படம் இக்கேள்வியை எழுப்புவதில்லை.

பல பள்ளிகளில் நுண்ணோக்கி பீரோவில் பூட்டியே கிடக்கிறது. உடைந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. லென்சைத் தகட்டில் இடித்துவிடும் கை எல்லா வகுப்பிலும் உண்டு. நாற்பது பேர் ஒரே வரிசையில் நின்றால் ஆளுக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. ஐவர் ஐவராகப் பகிர்ந்து, ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும் என்று காட்டலாம். பார்த்ததை வரைந்த பிறகே புத்தகத்தைத் திறக்கச் சொல்லலாம். கோணலாக வரைந்தாலும் அதற்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்திற்கு எத்தனை மார்க் என்று கேட்குமுன், எதைப் பார்த்து வரைந்தாய் என்று மகளைக் கேளுங்கள். அவள் வெங்காயம் கேட்டால் மறுக்காதீர்கள். வகுப்பு முழுமைக்கும் இரண்டே போதும்.