விதானையாரை ஆர் போட்டது?

அம்மம்மாமார் ஊர்க்கதை கதைக்கும்போது ‘விதானையார்’ என்ற சொல் வந்தால் குரல் கொஞ்சம் தணியும், கவனித்திருக்கிறீர்களா? வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் பொலிஸ் விதானைதான் அரசாங்கம். ஊரார் அவரைத் தெரிவு செய்யவில்லை. மேலே இருந்தவர்கள் போட்டார்கள், பெரும்பாலும் காணிபூமி உள்ள உயர்சாதிக் குடும்பத்தில் பார்த்து. ஒழுங்கான மாதச் சம்பளமும் இல்லை. சம்பளமில்லாத அதிகாரி எதில் சாப்பிடுவார்? ஊரில்தான். 1963இல்தான் அந்த முறையை ஒழித்து, சம்பளத்துக்கு வேலை செய்யும் கிராம சேவகரை வைத்தார்கள்.

அமெரிக்காவில் ஷெரிப்பைச் சனம்தான் தெரிவு செய்கிறது. அதுமட்டும் காணாது. அலபாமாவில் கைதிகளின் சாப்பாட்டுக் காசில் மிஞ்சியதை ஷெரிப் தன் பையில் போடலாம் என்று அண்மைக்காலம் வரை சட்டம் இடம் கொடுத்தது. பட்டினி போட்டால் லாபம்!

இப்ப பூம்ப்ளிசுக்கு வாங்கோ. பேர்ண் மாநிலத்தில் 10 நிர்வாக வட்டாரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டத்ஹால்டர். எங்களுடையது பேர்ண்-மிட்டல்லாந்து. இவர் துப்பாக்கி தூக்குவதில்லை. ஆனால் மாமா சாப்பாட்டுக்கடை திறக்க அனுமதி தருவது அவரின் அலுவலகம். நகராட்சியின் முடிவு பிழையென்றால் முறையிடுவதும் அங்கேதான். சம்பளத்தை மாநிலம் கொடுக்கிறது, ஆளைச் சனம் தெரிவு செய்கிறது. ஒரே ஒருவர்தான் நின்றால் வாக்கெடுப்பே இல்லாமல் அவர் தெரிவாகிவிடுவார். அதற்குப் பெயர் ‘அமைதித் தேர்தல்’. அமைதி ஆருடையது என்று கேட்கக்கூடாதாம்.

சி அனுமதியோடு பல வருடமாக இங்கே வரி கட்டும் எங்கட அப்பாமாருக்கு இதில் வாக்கில்லை. வெளிநாட்டவருக்கு நகர, கிராம மட்டத்திலாவது வாக்குரிமை கொடுக்கச் சபைகளை விடலாமா என்று 2010இல் கேட்டதற்கே பேர்ண் மாநிலம் 72 வீதம் ‘இல்லை’ என்றது. அதில் எனக்கு இன்னும் கோபம்தான்.

அதைவிடக் கோபம், சிவப்புக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எங்கட பெடியள், பெட்டையளில். வாக்குச்சீட்டு உறை வீட்டுக்கே வருகிறது. உடைக்காமலே பழைய பேப்பர்க் கட்டோடு வெளியே போகிறது. கேட்டால், “அது அவையின்ர அலுவல்.” எவையின்ர? கடை மாமாவுடையது!

அடுத்த உறை வந்தால் சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு முன்னால் உடையுங்கோ. ஆருக்குப் போடுவது என்று அவரோடு சண்டை பிடியுங்கோ. பிறகு நீங்கள் நினைத்தவருக்கே போடுங்கோ.