பார்க்காமல் இயக்க முடிகிறதா?

உடற்பயிற்சியின்போது பாட்டுக் கேட்க ஒரு சிறு கருவி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் விசாரிப்பது எத்தனை ஜிபி என்றுதான். பிறகு சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும், புளூடூத் உண்டா, என்ன விலை என்று பேச்சு நகரும். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை. ஓட்டத்தின் நடுவில், விரலெல்லாம் வியர்வையாக இருக்கும்போது, கருவியைக் கண்ணால் பார்க்காமலேயே அடுத்த பாட்டுக்குத் தாவவும் ஒலியைக் குறைக்கவும் சட்டென்று நிறுத்தவும் முடியுமா? முடியாதென்றால் மற்ற சிறப்புகள் எத்தனை இருந்தாலும் அது உடற்பயிற்சிக்கான கருவி இல்லை. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பொத்தான் உள்ள, சட்டையில் கவ்விக்கொள்ளும், பாட்டைத் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கும் சிறு பெட்டிதான் தேறுகிறது. எல்லோர் கையிலும் இருக்கும் கைபேசி தேறவில்லை.

பாட்டு உடற்பயிற்சிக்கு உதவுகிறதா என்பதில் இன்று பெரிய சந்தேகம் இல்லை. நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தில் இசைக்குழு வாசித்தபோது வீரர்கள் கூடுதல் வேகத்தில் ஓட்டினார்கள் என்று லெனர்ட் ஏர்ஸ் 1911இலேயே எழுதினார். லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்தின் காஸ்டாஸ் கராஜார்ஜிஸ் பல ஆண்டுகளாக இதையே ஆராய்ந்துவருகிறார். அவரும் சக ஆய்வாளர்களும் 139 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியிட்ட கட்டுரை, இசை உடலின் திறனைச் சற்றே கூட்டுகிறது, களைப்பு உணர்வைக் குறைக்கிறது, பயிற்சியை இனிமையாக்குகிறது என்று காட்டியது. மிதமான பயிற்சியில் களைப்பு மறக்கும். மூச்சு முட்டும் அளவுக்கு ஓடும்போது உடலின் குரலே மேலோங்கிவிடும். நம்மில் பெரும்பாலோர் செய்வது நடையும் மெல்லோட்டமும்தான் என்பதால் பாட்டின் பயன் நமக்கு முழுதாகக் கிடைக்கும்.

ஆனால் பாட்டு தரும் பலனும் பாட்டைத் தரும் கருவியின் பலனும் ஒன்றல்ல. அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்றில் மாணவர்களை ட்ரெட்மில்லில் விட்டு, வேகத்தை அவர்களே தீர்மானிக்கச் சொன்னார்கள். பாட்டுக் கேட்டபடி நடந்தபோது வேகம் கூடியது. குறுஞ்செய்தி அனுப்பியபடி நடந்தபோது பயிற்சியின் தீவிரம் குறைந்தது. இந்த இரண்டையும் செய்வது ஒரே கைபேசி என்பதுதான் சிக்கல். பாட்டுக்காகக் கையில் எடுக்கும் கருவியில் குடும்ப வாட்ஸ்அப் குழுவும் அலுவலக மின்னஞ்சலும் கூடவே வருகின்றன. அடுத்த பாட்டை வைக்கத் திரையைத் திறந்தவர் அங்கே காத்திருக்கும் செய்தியைப் படிக்காமல் மூடுவது அரிது. நடை தளர்கிறது, சில வேளைகளில் நின்றேவிடுகிறது. அதை மனவுறுதிக் குறைவு என்று சொல்லி நம்மையே நொந்துகொள்வதில் நியாயம் இல்லை. கவனத்தை இழுப்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட ஒன்றிடம் கவனத்தை இழக்காமல் இருக்கச் சொல்வது வீண்வேலை.

வடிவத்தைப் பார்த்தாலும் இதேதான். இன்றைய கைபேசி ஏறத்தாழ 200 கிராம் எடை. கால்சட்டைப் பையில் போட்டு ஓடினால் ஒவ்வொரு அடிக்கும் தொடையில் இடிக்கும். கைப்பட்டையில் கட்டினால் திரை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். தொடுதிரை வேலை செய்வது விரலின் மின்பண்பை உணர்ந்து. வியர்வைத் துளியும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஈர விரலால் தொட்டால் திரை குழம்புகிறது, தொடாத இடத்தைத் தொட்டதாக எடுத்துக்கொள்கிறது. இருட்டில் வீட்டுச் சுவிட்சைக் கை தானே தேடிப் போவதுபோல் பொத்தானை விரல் கண்டுகொள்ளும். வழவழப்பான கண்ணாடியில் விரலுக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை.

பொத்தானின் அருமைக்கு ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் ஷஃபிள் வரலாற்றைவிட நல்ல சாட்சி கிடையாது. திரையே இல்லாத அந்தக் கருவி 2005இல் வந்தது. அடுத்த ஆண்டு அதைத் தீப்பெட்டியைவிடச் சிறிதாக்கிக் கிளிப்போடு வெளியிட்டார்கள். 2009இல் வந்த மூன்றாம் வடிவத்தில் கருவியின் முகத்திலிருந்த பொத்தான்களை முற்றிலும் எடுத்துவிட்டு, இயர்போன் கம்பியில் ஒரு சிறு கட்டுப்பாட்டை வைத்தார்கள். ஒரு தட்டு தட்டினால் நிற்கும், இரண்டு தட்டினால் அடுத்த பாட்டு, மூன்று தட்டினால் முந்தைய பாட்டு. பார்க்க அழகுதான். ஆனால் அதற்கேற்ற இயர்போன் இல்லாவிட்டால் கருவியை இயக்க முடியாது. ஓடும்போது தட்டுகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். 2010இல் வந்த நான்காம் வடிவத்தில் பொத்தான்கள் திரும்பிவந்தன. உலகின் மிகப் பெரிய வடிவமைப்பு நிறுவனங்களில் ஒன்று ஒன்றரை ஆண்டில் தன் முடிவை மாற்றிக்கொண்டது. அந்த நான்காம் வடிவம் 12.5 கிராம்தான்; நினைவகம் 2 ஜிபி. உடற்பயிற்சிக்கென்று இதுவரை வந்தவற்றில் ஆகச் சரியான வடிவம் அதுதான் என்பேன். 2017இல் அதன் உற்பத்தியை நிறுத்தியது பெரிய இழப்பு.

2 ஜிபி, 4 ஜிபி என்றால் இன்றைக்குக் குறைவாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 256 கிலோபிட் தரத்தில் உள்ள எம்பி3 பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 எம்பி இடம் பிடிக்கும். ஐந்து நிமிடத் திரைப்பாடல் 10 எம்பி. 4 ஜிபியில் சுமார் 400 பாட்டுகள், அதாவது 30 மணி நேரத்துக்கு மேல். தினமும் ஒரு மணி நேரம் நடப்பவருக்கு ஒரு மாதம் பாட்டு திரும்ப வராது. 64 ஜிபிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வெறும் இடத்துக்கு வாடகை கொடுப்பதுதான். உயர் தெளிவு ஒலிக் கோப்புகளை இயக்கும் விலை உயர்ந்த கருவிகளும் இப்படியே. மூச்சிரைப்பும் காலடிச் சத்தமும் காற்றும் போக்குவரத்து இரைச்சலும் சேர்ந்த இடத்தில் அந்த நுணுக்கம் காதுக்கு எட்டாது. அதற்கான பணத்தைக் காதிலிருந்து கழன்று விழாத நல்ல இயர்போனுக்குக் கொடுக்கலாம்.

நீச்சல் குளத்துக்கு வந்தால் என் வாதத்துக்கு இயற்பியலே துணை நிற்கிறது. புளூடூத் அலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் சேர்ந்தவை. அவற்றைத் தண்ணீர் விழுங்கிவிடும். கரையில் கைபேசியை வைத்துவிட்டுத் தலையைத் தண்ணீருக்குள் விட்டால் பாட்டு அறுந்துபோகும். நீந்துபவருக்குக் காதில் மாட்டும் கருவிக்குள்ளேயே பாட்டு இருந்தாக வேண்டும். சோனியின் என்டபிள்யூ-டபிள்யூஎஸ்413 அப்படிப்பட்டது: 4 ஜிபி நினைவகம், 2 மீட்டர் ஆழம்வரை கடல் நீரிலும் தாங்கும் வடிவம். எலும்பின் வழியாக ஒலியைக் கடத்தும் நீச்சல் கருவிகளிலும் இதே ஏற்பாடு உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பெட்டியின் மேல் ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் அது தெறிக்கும் நீருக்கு மட்டும். வியர்வைக்குப் போதும், குளத்துக்குப் போதாது. ஐபிஎக்ஸ்7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்கிறது, ஆனால் அந்தச் சோதனை அசையாத நல்ல தண்ணீரில் நடப்பது. குளோரினும் உப்பும் அதில் சேராது. கடலில் நீந்துபவர் உப்பு நீர் என்ற சொல் விளக்கக் குறிப்பில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது காது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 டெசிபலில் அரை மணி நேரம்கூட இல்லை. ஜிம்மில் ஏற்கெனவே ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் தன் பாட்டைக் கேட்க ஒலியைக் கூட்டுகிறார் பயிற்சி செய்பவர். சாலையோரம் நடப்பவர் பேருந்து ஹாரனுக்கு மேல் கூட்டுகிறார். இரைச்சல் அடங்கிய பிறகும் கூட்டியது கூட்டியபடியே இருக்கிறது. செவிப்புலன் இழப்பு வலிக்காமல் வருவது. போன கேள்திறன் திரும்புவதும் இல்லை. ஐரோப்பிய விதிகளின்படி இத்தகைய கருவிகள் 85 டெசிபலைத் தாண்டும்போது பயனரை எச்சரிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2018இல் பாதுகாப்பான கேட்பு குறித்து ஒரு தர அளவை உருவாக்கின. ஆகவே உச்ச ஒலியைப் பூட்டிவைக்கும் வசதி உள்ள கருவியையே வாங்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு வாங்கினால் இந்த வசதியைத் தவிர்க்கவே கூடாது. இங்கேயும் பொத்தான்தான் கைகொடுக்கிறது. ஒலியைக் குறைப்பது ஓர் அழுத்தத்தில் முடியுமானால் செய்வோம். திரையைத் திறந்து தேட வேண்டியிருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம்.

கைபேசி ஏற்கெனவே இருக்க இன்னொரு செலவு எதற்கு என்று கேட்பவர்கள் பலர். நியாயமான கேள்வி. உட்கார்ந்த இடத்தில் சைக்கிள் மிதிப்பவருக்கும் அறிவிப்புகளையெல்லாம் அணைத்துவிட்டு நடக்கும் பழக்கம் கைவந்தவருக்கும் தனிக் கருவி தேவையே இல்லை. அவர்கள் பணத்தைச் சேமிக்கட்டும். அவசரத்துக்குக் கைபேசி வேண்டும் என்பதும் உண்மை, அதிலும் தனியாக நடக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும். அவர்கள் கைபேசியை இடுப்புப் பையில் வைத்து மூடிக்கொள்ளட்டும். பாட்டுக்காக அதைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லாதபோது அது உண்மையிலேயே அவசரத்துக்கான கருவியாக இருக்கும். ஸ்மார்ட் கைக்கடிகாரத்தில் பாட்டை ஏற்றிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு, கைபேசியைவிட அது மேல். ஆனால் அங்கேயும் பெரும்பாலும் தொடுதிரைதான், அதுவும் மணிக்கட்டளவுத் திரை. அறிவிப்புகளும் கூடவே வரும்.

எல்லாப் பாட்டும் இணையத்தில் கிடைக்கும்போது ஏன் சேமிக்க வேண்டும் என்பது இதைவிட வலுவான எதிர்வாதம். ஆனால் இணையச் செயலியில் இருப்பது வாடகைப் பாட்டு. கானா செயலி 2022இல் கட்டணச் சந்தா முறைக்கு மாறியது. விங்க் மியூசிக் செயலியை மூடப்போவதாக ஏர்டெல் 2024இல் அறிவித்தது. அதில் பட்டியல் போட்டு வைத்திருந்தவர்கள் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. நம் பாட்டுகளுக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்த் திரைப்பாடல்களில் தாளமே இல்லாத தொகையறாவோடு தொடங்குபவை நிறைய. இடையிசையில் வேகம் மாறுபவையும் நிறைய. ஓட்டத்துக்கு ஏற்றது நிமிடத்துக்கு 120 முதல் 140 தட்டு வரையிலான சீரான வேகம். கணினி தானாகத் தேர்ந்தெடுத்துத் தரும் வரிசையில் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு தொகையறா வந்தால் காலின் தாளம் கலையும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, சொந்தமாக வாங்கிய குறுந்தகடுகளிலிருந்தும் கோப்புகளிலிருந்தும் நடைக்கு ஒரு தொகுப்பு, ஓட்டத்துக்கு ஒரு தொகுப்பு, இளைப்பாற ஒரு தொகுப்பு என்று பிரித்து ஏற்றிவிட்டால் மாதக்கணக்கில் அதைத் தொட வேண்டாம். அந்த உழைப்பு வீணல்ல. நம் இசையை நாமே தேர்ந்தெடுக்கும் சுகமும் அதில் இருக்கிறது.

சாலையில் பாட்டே கூடாது என்பவர்களோடு நான் பாதி உடன்படுகிறேன். அமெரிக்கத் தடகள அமைப்பு 2007 விதிகளில் ஓட்டப் போட்டிகளில் பாட்டுக் கருவிகளுக்குத் தடை விதித்தது. பாதுகாப்பு அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பின்னர் பட்டத்துக்கும் பரிசுக்கும் ஓடுபவர்களோடு அதை நிறுத்திக்கொண்டது. நம் சாலைகளில் நடைபாதை பாதியில் முடிந்து வண்டிகளோடு நடக்க வேண்டியிருக்கிறது. அங்கே காதை முழுதாக அடைக்கும் இயர்போனும் இரைச்சல் நீக்கும் வசதியும் ஆபத்து. காதுத் துளையைத் திறந்துவிடும் வகையையோ ஒற்றைக் காதையோ பயன்படுத்தலாம். பூங்கா, மைதானம், கடற்கரை என்று வண்டி வராத இடம் கிடைத்தால் அதுவே மேல்.

சந்தையில் இன்று தேர்வு சுருங்கிவிட்டது. ஐபாட் வரிசையே 2022இல் முடிந்தது. சான்டிஸ்க் நிறுவனத்தின் கிளிப் வரிசை போன்றவையும் பெயர் தெரியாத பல மலிவுக் கருவிகளும்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. அதனால் பெயரைப் பார்ப்பதைவிடக் கையால் சோதிப்பது முக்கியம். கடையில் கருவியை வாங்கிச் சட்டையில் கவ்விவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாட்டை நிறுத்திப் பாருங்கள், அடுத்ததற்குப் போங்கள், ஒலியைக் குறையுங்கள். நான்கு முறை குதித்துப் பாருங்கள். கிளிப் நழுவுகிறதா என்று தெரிந்துவிடும். இணையத்தில் வாங்குவதானால் திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்கி, வீட்டில் இதே சோதனையைச் செய்யுங்கள். தேறாத கருவியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.