கறிக்குப் புகை போட காயலான் கடை டிரம் வேண்டாம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வீட்டு ஆட்டை அறுத்தால் சிறு விவசாயி வீட்டில் ஒரு கவலை வரும். பங்காளிகளுக்குக் கொடுத்தது போக, சமைத்தது போக, மீதிக் கறியை என்ன செய்வது? சித்திரை, வைகாசியாக இருந்தால் கவலையே இல்லை. உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் தடவி, நூலில் கோத்துக் கொடியில் தொங்கவிட்டால் சில நாள் வெயிலில் உப்புக்கண்டம் தயார். ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அந்த வெயிலுக்கு எங்கே போவது? ஈரக் காற்றில் தொங்கும் கறியில் ஈ மொய்க்கும், புழு வைத்துவிடும்.

இதற்கு மாற்று, கறியைப் புகையில் போடுவது. இது புதிய வித்தை அல்ல. நாகாலாந்தில் அடுப்புக்கு மேலே பன்றிக்கறியைத் தொங்கவிட்டுப் பக்குவம் செய்கிறார்கள். குடகிலும் அந்த வழக்கம் உண்டு. தூத்துக்குடிக் கடைகளில் கட்டை போலக் கிடக்கும் மாசிக் கருவாடும் புகை கண்ட சரக்குதான். மினிக்காய்த் தீவில் சூரை மீனை முதலில் வேகவைத்து, பிறகு புகையில் போட்டு, அதன் பிறகு வெயிலில் காய வைக்கிறார்கள். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மறைமலை நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் புகையடுப்பு வேண்டும் என்று நினைப்பவருக்கு இரண்டு வழி கண்ணில் படும். ஒன்று, கடையில் விற்கும் தயார் அடுப்பு. மற்றொன்று, காயலான் கடையில் ஒரு பழைய டிரம்மை வாங்கி, வெல்டிங் பட்டறையில் கொடுத்துக் கதவும் கம்பியும் வைத்துக்கொள்வது. முதல் வழி பணத்துக்குக் கேடு. இரண்டாவது வழி உடம்புக்குக் கேடு. (புலால் மறுத்த மறைமலை அடிகளின் பெயர் கொண்ட ஊரில் இந்தப் பேச்சா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். ஆடு, கோழி வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்களும் அங்கே இருக்கின்றனவே.)

தயார் அடுப்புகளில் மின்சாரத்தில் ஓடுபவை உண்டு. மரத்தூள் குச்சிகளைத் தானே தள்ளி எரித்துக்கொள்பவையும் உண்டு. வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருப்பதில் இவை கெட்டிக்காரச் சாதனங்கள்தான். ஆனால் அடைமழைக் காலத்தில் மின்சாரம் போனால் பாதி வெந்த கறி உள்ளே மாட்டிக்கொள்ளும். குச்சியோ சமையலுக்கென்றே தனியாகச் செய்ததாக இருக்க வேண்டும். தொழிற்சாலைக் கொதிகலனுக்காகச் செய்யும் மரத்தூள் கட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று போடக் கூடாது. அதில் எந்த மரம், எந்தக் கழிவு சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. கமாடோ என்ற பெயரில் முட்டை வடிவப் பீங்கான் அடுப்பு ஒன்றும் விற்கிறார்கள். ஜப்பானிய மொழியில் கமாடோ என்றால் அடுப்பு, அவ்வளவுதான். கனத்த சுவர் சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதுதான் அதன் ரகசியம். அந்த ரகசியம் மண்ணடுப்பு போடத் தெரிந்த எந்தப் பாட்டிக்கும் தெரியும்.

ஆகவே பெரும்பாலோருக்கு ஆசை டிரம் மேல்தான் போகும். இங்கேதான் விவசாயிகள் நின்று யோசிக்க வேண்டும். மறைமலை நகர் முதல் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை கார் ஆலைகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதி. இத்தகைய தொழில்களுக்கு 200 லிட்டர் டிரம்களில் பெயின்ட் வரும், தின்னர் வரும், இயந்திரம் குளிர்விக்கும் எண்ணெய், துரு நீக்கும் திரவம் எல்லாம் வரும். காலியான டிரம் கை மாறிக் கை மாறிக் கடைக்கு வந்து சேரும்போது, அதில் என்ன இருந்தது என்ற சீட்டு அதன் மேல் இருக்காது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி எடுத்தால் சுத்தமாகிவிடும் என்று சொல்வார்கள். தையலிலும் விளிம்பிலும் ஊறியது அப்படிப் போகாது. தின்னர் போன்ற சரக்கு இருந்த மூடிய டிரம்மை வெட்டவோ வெல்டிங் செய்யவோ போனால் வெடித்து ஆளையே கொல்லும். மேலும் பல டிரம்களின் உட்புறம் அரிப்பைத் தடுக்க ஒரு பூச்சு இருக்கும். சமையல் எண்ணெய் வந்த டிரம்மானாலும் இந்தப் பூச்சு இருக்கலாம். அடியில் தீ எரியும்போது அது கருகி, அந்தப் புகையும் கறியில்தான் ஏறும்.

துத்தநாகம் பூசிய தகரமும் வேண்டாம். துத்தநாகம் 420 டிகிரி அளவில் உருகிவிடும். தீ நேராகப் படும் இடம் அந்தச் சூட்டை எட்டக்கூடியது. அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் குளிர்காய்ச்சல் வரும் என்பது வெல்டிங் தொழிலாளிகளுக்குத் தெரிந்த விஷயம். பழைய பிரிட்ஜைப் புகைப்பெட்டியாக மாற்றும் யோசனையும் உண்டு. அதன் உட்சுவர் பிளாஸ்டிக். பழைய கம்பித் தட்டுகள் சிலவற்றில் காட்மியம் என்ற விஷ உலோகப் பூச்சு இருக்கும். இரண்டும் சூட்டுக்கு ஆகாது.

டிரம்முக்கு அடுத்த ஆபத்து விறகில். இயந்திரம் வந்த பெட்டிப் பலகைகள், சரக்கு அடுக்கும் பேலட் கட்டைகள் ஆகியவை தொழிற்சாலைப் பகுதிகளில் மலிவு விறகாகக் கிடைக்கும். வெளிநாட்டுச் சரக்கு வரும் கட்டைகளில் கோதுமைக் கதிர் போல ஒரு முத்திரையும், பக்கத்தில் ஆங்கில எழுத்துகளும் குத்தியிருக்கும். எச்.டி. என்றிருந்தால் பூச்சி சாக மரத்தைச் சூடு காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷ வாயு காட்டியது. எம்.பி. கட்டை அடுப்புப் பக்கமே வரக் கூடாது. எச்.டி. கட்டையானாலும் நல்லது என்று எடுத்துக்கொள்வதற்கில்லை. அவற்றில் பெரும்பாலானவை பைன் போன்ற பிசின் மரங்கள். புகையில் கரியும் கசப்பும் மிகும். வழியில் எந்த எண்ணெய் சிந்தி அதில் ஊறியது என்பதையும் முத்திரை சொல்லாது. பிளைவுட், வர்ணம் பூசிய கதவு, ஜன்னல் சட்டம் இவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரளிக் குச்சி ஒன்றுகூட விறகோடு கலக்கக் கூடாது. அதன் புகையும் விஷம்.

நல்ல விறகுக்குச் சிறு விவசாயிக்குப் பஞ்சம் இல்லை. புளி, மா, கொய்யாக் கிளைகள், தேங்காய் மட்டை, கொட்டாங்கச்சி எல்லாம் நன்கு உலர்ந்திருந்தால் போதும். ஊரே வெட்டி ஒழிக்கச் சொல்லும் சீமைக் கருவேலமும் இதற்கு உதவும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கறிக்குப் புகை போட மெஸ்கீட் என்ற மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். அது சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. எந்த விறகானாலும் தணல் விழுந்த பிறகுதான் கறியை வைக்க வேண்டும். கொழுந்துவிட்டு எரியும்போது வரும் கறுப்புப் புகை கறியைக் கெடுக்கும்.

அப்படியானால் அடுப்பு எது? ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகரான அக்ராவை ஒட்டி சோர்க்கர் என்று ஒரு மீனவக் குடியிருப்பு உண்டு. அங்கே வட்ட மண்ணடுப்பிலும் எண்ணெய் டிரம்மிலும் மீனுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1970ஐ ஒட்டி, ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு அங்கே ஒரு புது அடுப்பு உருவாயிற்று. நீள்சதுர மண்சுவர், முன்னால் விறகு வைக்கும் வாய், மேலே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மரச்சட்டத் தட்டுகள். சட்டங்களே புகைக்கூண்டாகிவிடுவதால் புகை வீணாவதில்லை, விறகும் மிச்சம். ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கு இது பரவியது. கொழுப்பு நெருப்பில் சொட்டுவதுதான் இதில் இருந்த குறை. பின்னர் செனகல் நாட்டில் தியாரோய் என்ற இடத்தில் கொழுப்பைத் தனியே பிடிக்கும் தட்டு வைத்து அதையும் சரி செய்தார்கள்.

இந்த அடுப்பின் சிறிய வடிவம்தான் மறைமலை நகர்ப் பக்கத்து விவசாயிக்கு ஏற்றது. உள்ளளவு இரண்டடிக்கு இரண்டடி, உயரம் இரண்டடி. செங்கல்லும் மண்சாந்தும் போதும். மேல் விளிம்புக்கு அரை அடி கீழே இரண்டு எவர்சில்வர் கம்பிகளைக் குறுக்கே பதித்து, அதன்மேல் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை வைக்க வேண்டும். நாலு பக்கமும் புகை ஏற இடம் விடுவது அவசியம். சொட்டும் கொழுப்பு அதில் விழும். தட்டுகளுக்கு மரச்சட்டமும் எவர்சில்வர் வலையும். மேலே மூட ஒரு சாதாரணப் பலகை. மேலே ஓடு அல்லது தகரக் கூரை, நாலு பக்கமும் திறப்பு. வீட்டுக்குள்ளோ கூரைக் கொட்டகையிலோ வைக்கக் கூடாது. செலவு செய்தே ஆக வேண்டிய சாமான் ஒன்று உண்டு: கறியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி. டிரம்முக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

வெப்பமானி ஏன் என்றால், புகை போட்டாலே கறி கெடாது என்ற எண்ணம் தவறு. குளிர்ப்புகை என்று மேல்நாட்டார் செய்யும் முறையில் அடுப்பு 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். செங்கல்பட்டு வெயிலில் வெளிக்காற்றே அதைத் தாண்டிவிடும்; அந்தச் சூட்டில் பச்சைக் கறி மணிக்கணக்கில் தொங்கினால் கிருமிதான் வளரும். எனவே இங்கே சூட்டுப்புகை ஒன்றே வழி. உப்புநீரில் இரவு முழுதும் பிரிட்ஜில் ஊறிய கோழியை 110 முதல் 120 டிகிரி சூட்டில் மூன்று, நான்கு மணி நேரம் வைத்தால், தடித்த இடத்தின் நடுவே 74 டிகிரி வந்துவிடும். வராவிட்டால் இறக்கக் கூடாது. அதையும் பிரிட்ஜில் வைத்து மூன்று, நான்கு நாளுக்குள் சாப்பிட வேண்டும்.

மழைக்கால உப்புக்கண்டத்துக்கு மினிக்காய் வரிசைதான் சரி. மெல்லிய துண்டுகளாக அரிந்து, கிலோவுக்கு 40 கிராம் உப்பும் மஞ்சளும் பிசறி, முதலில் வேகவைத்துவிட வேண்டும். பிறகு தண்ணீரை வடித்து, தணலைக் குறைத்து, 60 டிகிரி சூட்டில் ஈரம் அறும் வரை புகையில் காய வைக்கலாம். மழை ஈரம் மறுபடி ஏறிவிடுமாதலால் இறுக மூடிய டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது.

புகையிட்ட கறியைத் தினசரிச் சாப்பாடாக்குவதும் கூடாது. உப்பிட்டும் புகையிட்டும் பக்குவப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015ல் வகைப்படுத்தியது. புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற பொருளுக்கு ஐரோப்பிய நாடுகள் 2014 முதல் கிலோ கறிக்கு இரண்டே மைக்ரோகிராம் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. சுத்தமான விறகும் கொழுப்புத் தட்டும் இந்தப் பொருளைக் குறைக்கும், அடியோடு நீக்காது. மாதம் ஓரிரு முறை, விருந்து வரும் நாளுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். மீந்ததை விற்க நினைப்பவர்கள் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொண்டே விற்க வேண்டும்.

மறைமலை நகருக்கு வடக்கே, பொத்தேரிக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. ஆடு, கோழி, பன்றி வளர்ப்போர் ஏற்கெனவே போய்வரும் இடம். அங்கே இப்படி ஒரு மண்ணடுப்பைக் கட்டி வைத்து, வெப்பமானியைக் கையில் கொடுத்துப் பழக்கிக் காட்டினால், நூறு குடும்பங்கள் டிரம் வாங்கப் போகாமல் தடுக்கலாம். சொந்தமாகக் கட்டிக்கொள்பவர்கள் ஆவணியிலேயே சுவரை எழுப்பிவிட வேண்டும். புரட்டாசி வெயிலில் அது காய்ந்து, சிறு தீ மூட்டிப் பதம் பார்த்த பிறகு, ஐப்பசி மழைக்கு அடுப்பு தயாராக இருக்கும்.