நெற்பூவைப் படம் பிடியுங்கள்!

செல்போன் வைத்திருப்பவர்கள் பூக்களைப் படம் பிடிக்கிறார்கள். ரோஜாவை எடுக்கிறார்கள். தாமரையை எடுக்கிறார்கள். ஊருக்கே சோறு போடும் பூவை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

அதுதான் நெற்பூ!

தஞ்சை வயல்களில் குறுவை ஆவணி வாக்கிலும், சம்பா மார்கழி வாக்கிலும் பூக்கும்.

நெற்பூவுக்கு இதழ் கிடையாது. காலை 9 மணிக்கு மேல், வெயில் ஏறியதும், பச்சை உமி இரண்டாகத் திறக்கும். 6 மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். உள்ளே இறகு போல 2 சூல்முடிகள் இருக்கும். மகரந்தத் தூள் அவற்றின்மேல் விழ வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். மறுபடி திறக்காது.

தூள் சேர்ந்தால் அரிசி. சேராவிட்டால் பதர்!

எடுப்பது எப்படி?

வயலுக்குள் இறங்க வேண்டாம். வரப்பு ஓரக் கதிரே போதும். கதிரைப் பறிக்கவும் கூடாது.

காற்றில் கதிர் ஆடினால் படம் கலங்கும். கதிருக்குக் கீழே தண்டை ஒரு கையால் மெல்லப் பிடித்துக்கொள்ள வேண்டும். செல்போனை மிக அருகே கொண்டுபோனாலும் படம் மங்கும். சற்றுத் தள்ளி எடுத்து, பிறகு பெரிதாக்கலாம். அல்லது செல்போன் கண்ணுக்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடிக்கலாம்.

திரையில் பூ தெரியும் இடத்தை விரலால் தொட்டால், அந்த இடம் தெளியும். வெயில் கடுமையாக இருந்தால் வெள்ளைத் துண்டை விரித்து நிழல் செய்யலாம். பத்துப் படம் எடுத்தால் ஒன்று தேறும்.

படத்தால் என்ன பயன்?

பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால் பதர் கூடும். அந்த நேரத்தில் மருந்து தெளிப்பதும் தவறு. இதை வாயால் சொன்னால் மறந்துபோகும். திறந்த பூவைப் படத்தில் பார்த்தவர் மறக்கமாட்டார்.

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி 1922-ம் ஆண்டில் தொடங்கியது. நெற்பூவின் நுட்பம் ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியும். நெல் விளையும் ஊரின் பிள்ளைகளுக்கும் அது தெரிய வேண்டாமா?

ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் நெற்பூவின் படம் ஒன்று இருக்கட்டும். அதை மாணவர்களே எடுக்கட்டும். தட்டில் விழும் ஒவ்வொரு பருக்கையும் ஒரு மணி நேரம் பூத்த பூ என்பது தெரிந்தால், சோற்றை வீணாக்கக் கை வராது!